9 மாதக் குழந்தைக்கு "ரியாக்டிவ்": அது யாருடைய எதிர்ப்பொருள்?

சோதனைக்குழாய் | வெள்ளி, இரவு 9.40

தென்மாவட்டம் ஒன்றில் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் அரசு மையம்) லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். இன்றைக்கு நடந்ததை எழுதிவிட்டால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம். ஓர் அம்மா, இடுப்பில் 9 மாதக் குழந்தை, கையில் நாலாக மடித்த ரிப்போர்ட். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அன்னைக்கு நெகட்டிவ்னு சொன்னீங்களே சார், பொய்யா சொன்னீங்க?" என்றார்.

இவரை எனக்கு நன்றாகத் தெரியும். கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்தத்தில்தான் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. தாமதிக்காமல் வைரஸை அடக்கும் கூட்டு மருந்தில் (ஏ.ஆர்.டி.) சேர்ந்தார். ஒருநாள்கூட மாத்திரையை விட்டதில்லை. பிரசவத்துக்கு முன் எடுத்த வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு), கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழே போயிருந்தது. குழந்தைக்கு ஆறு வாரம் தொற்றைத் தடுக்கும் சிரப் கொடுத்தார். 45 நாள் ஊசிக்கு வந்த அன்றே குதிகாலில் குத்தி டி.பி.எஸ். (தாளில் உலர்த்திய ரத்தத்தில் வைரஸையே தேடும் சோதனை) எடுத்து அனுப்பினோம். நெகட்டிவ். ஆறாம் மாதச் சோதனைக்கு வர வேண்டியவர் தாய்வீட்டுக்குப் போய்விட்டதால் அது விட்டுப்போயிற்று.

போன வாரம் குழந்தைக்குக் குடலிறக்கம் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் "எச்.ஐ.வி. 1 & 2: ரியாக்டிவ்" (பாசிட்டிவ்) என்று வந்திருக்கிறது. கவுன்ட்டரில் இருந்த பெண் அதை வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி வாசித்துவிட்டு, ஆபரேஷனை வேறெங்காவது வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, டாக்டரும் கூப்பிட்டுப் பேசவில்லை.

அந்த ரிப்போர்ட்டில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் வேதனை. ஆன்டிபாடி சோதனை, கிருமிக்கு எதிராக உடம்பு செய்யும் எதிர்ப்பொருளைத் தேடும், வைரஸைத் தேடாது. 9 மாதக் குழந்தையின் ரத்தத்தில் அம்மா கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருள் இன்னும் மிச்சம் இருக்கும். ஆக, அந்த ரிப்போர்ட் அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்ததையே குழந்தையின் பெயரில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

குழந்தை வளர்ந்துவிட்டதால் இந்தத் தடவை கால் கட்டைவிரலில் குத்தினேன். வடிகட்டித்தாள் அட்டையில் ஐந்து வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ரத்தம் பின்பக்கம் வரை ஊற வேண்டும். நாலாவது வட்டத்துக்குள் குழந்தை காலை உதறி என் சட்டையில் ஒரு பொட்டு வைத்துவிட்டது. அட்டையைப் படுக்கைவசமாக, வெயில் படாமல் நாலு மணி நேரமாவது காயவிட வேண்டும். அது காய்கிற வரை அந்த அம்மா வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். எதற்கு என்று தெரியவில்லை, ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகும் என்று சொல்லியும்.

இதைக் கொஞ்சமாவது எளிதாக எப்படிச் சொல்வது? யாருக்காவது நல்ல உவமை தெரிந்தால் எழுதுங்கள்.

ரெண்டாம்_வருஷம் | வெள்ளி, இரவு 10.15

அண்ணா, நான் பி.எஸ்சி. நர்சிங். இப்படிப்பட்ட குழந்தைக்கு ஆன்டிபாடி சோதனையை 18 மாதத்துக்குப் பிறகுதான் நம்பலாம் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன், ஏன் என்று வகுப்பில் கேட்டதே இல்லை. நஞ்சுக்கொடியில் அம்மா ரத்தமும் பிள்ளை ரத்தமும் கலக்காது என்கிறார்கள். அப்படியென்றால் எதிர்ப்பொருள் எப்படி அந்தப் பக்கம் போகிறது? எதிர்ப்பொருளே போகிறதென்றால் வைரஸ் போகாதா?

விலங்கியல்_டீச்சர் | சனி, காலை 6.50

நல்ல கேள்வி. என் பிளஸ் டூ பிள்ளைகள் வருடா வருடம் இதில்தான் மாட்டுவார்கள்.

ரத்தம் கலப்பதில்லை என்பது சரி. ஆனால் நஞ்சுக்கொடியின் செல்களில் எஃப்.சி.ஆர்.என். என்று ஓர் ஏற்பி இருக்கிறது. அது ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளைப் பிடித்து, செல்லுக்குள் வைத்து, குழந்தையின் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. படகுத்துறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.ஜி.எம். வகைக்கு அந்தப் படகில் இடம் கிடையாது. போக்குவரத்து மும்முரமாக நடப்பது கடைசி மூன்று மாதத்தில். அதனால் முழுமாதத்தில் பிறக்கிற குழந்தைக்கு அம்மாவைவிடச் சற்று அதிகமாகக்கூட ஐ.ஜி.ஜி. இருக்கும், குறைமாதக் குழந்தைக்குக் குறைவாக இருக்கும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. எதிர்ப்பொருளை ஆங்கில ஒய் எழுத்து மாதிரி படம் போடுவோம் இல்லையா? அந்த ஏற்பி அடித்தண்டை மட்டும்தான் பிடிக்கிறது. மேலே உள்ள இரண்டு கைகளும் தட்டம்மையைப் பிடிக்குமா, டெட்டனஸ் நச்சைப் பிடிக்குமா, எச்.ஐ.வி.யைப் பிடிக்குமா என்றெல்லாம் பார்ப்பதில்லை. அம்மா வாழ்நாளில் சந்தித்த எல்லாவற்றின் எதிர்ப்பொருளும் மூட்டையாகப் போய்ச் சேரும். எச்.ஐ.வி. உள்ள அம்மாவின் மூட்டையில் எச்.ஐ.வி.க்கான எதிர்ப்பொருளும் இருக்கும். ஆகவே அவருக்குப் பிறக்கிற எல்லாக் குழந்தைகளுமே பிறந்த அன்று ஆன்டிபாடி சோதனையில் ரியாக்டிவ்தான், தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

குழந்தை இதைப் புதிதாகச் செய்துகொள்வதில்லை, வந்ததைச் செலவழிக்கிறது. மாதங்கள் போகப்போகக் கரையும். பல குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டியே மறைந்துவிடும், சிலருக்கு ஒன்றரை வயது வரை இழுக்கும். அதுதான் 18 மாதக் கணக்கு. தட்டம்மைத் தடுப்பூசியை 9 மாதம் வரை தள்ளிப்போடுவதற்கும் இதேதான் காரணம். முன்னாலேயே போட்டால் அம்மாவின் எதிர்ப்பொருள் அந்த ஊசியைப் பிடித்து வேலைசெய்ய விடாது.

சோதனைக்குழாய் சார் உவமை கேட்டாரே. பிள்ளை மேல் அம்மா புடவை வாசம் வருகிறது என்பதற்காகப் பிள்ளை புடவை கட்டியிருக்கிறது என்று சொல்வீர்களா? நான் வகுப்பில் இப்படித்தான் சொல்வேன். பையன்கள் சிரிப்பார்கள், ஆனால் பரீட்சையில் மறப்பதில்லை.

கருவேலங்காடு | சனி, காலை 9.05

எல்லாம் சரி, ஒரு நேரடி அனுபவத்தைச் சொல்கிறேன். என் ஒன்றுவிட்ட தங்கை குழந்தைக்கு 7 மாதத்தில் பாசிட்டிவ் என்று லேப்பில் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் ஒரு வைத்தியரிடம் போனோம். பத்தியத்தோடு ஒரு வருடம் மூலிகைப் பொடி. 20 மாதத்தில் அதே லேப்பில் எடுத்தால் நெகட்டிவ். இரண்டு ரிப்போர்ட்டும் வீட்டில் இருக்கிறது. அலோபதியில் இதற்கு மருந்தே இல்லை என்கிறீர்கள். இதற்கு என்ன பதில்?

சோதனைக்குழாய் | சனி, காலை 9.30

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு விஷயம் மட்டும் கேட்கிறேன். 7 மாதத்தில் எடுத்தது ஆன்டிபாடி சோதனையா, வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனையா? தங்கை கர்ப்பத்தில் கூட்டு மருந்து சாப்பிட்டாரா?

கருவேலங்காடு | சனி, காலை 10.12

ரிப்போர்ட்டில் "எலிசா" என்று போட்டிருக்கிறது. தங்கை ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டாள், இன்றும் சாப்பிடுகிறாள். அதற்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?

விலங்கியல்_டீச்சர் | சனி, காலை 10.40

ஐயா, எலிசா ஆன்டிபாடியைப் பார்ப்பது. 7 மாதத்தில் தெரிந்தது உங்கள் தங்கையின் எதிர்ப்பொருள், 20 மாதத்தில் அது தீர்ந்துவிட்டது. அந்தப் பொடிக்குப் பதில் வெறும் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்திருந்தாலும் இரண்டு ரிப்போர்ட்டும் இப்படியேதான் வந்திருக்கும்.

கணக்காகவே பார்ப்போம். எந்தச் சிகிச்சையும் இல்லாமல், தாய்ப்பாலும் கொடுத்தால், தாயிடம் இருந்து குழந்தைக்குத் தொற்றுவது 15 முதல் 45 சதவீதம். அதாவது மோசமான நிலையில்கூட 100 குழந்தையில் 55 பேருக்குத் தொற்றே கிடையாது. அந்த 55 பேரும் 7 மாதத்தில் பாசிட்டிவாகவும் 20 மாதத்தில் நெகட்டிவாகவும் தெரியக்கூடியவர்கள். இனி, அம்மா ஒழுங்காகக் கூட்டு மருந்து சாப்பிட்டு வைரஸ் அடங்கியிருந்தால் தொற்று ஒன்றிரண்டு பேருக்குக்கூட வருவது அரிது. மீதி அத்தனை பேரையும் "குணமாக்கியது நானே" என்று எவரும் நோட்டீஸ் அடிக்கலாம். அம்மா விழுங்கிய மாத்திரைக்குப் பொடி பெயர் வாங்கிக்கொள்கிறது.

கருவேலங்காடு | சனி, காலை 11.20

உங்கள் கணக்கை யோசித்துப் பார்க்கிறேன். ஆனால் அப்படியென்றால் 7 மாத ரிப்போர்ட் தப்பு என்றுதானே அர்த்தம்? அந்த ஒரு தாளை நம்பி 40 ஆயிரம் செலவழித்திருக்கிறோம். யாராவது ஒருத்தர் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

சோதனைக்குழாய் | சனி, காலை 11.31

சொல்லியிருக்க வேண்டும் ஐயா. அதில் உங்கள் பக்கம்தான் நியாயம்.

இழைக்காவலர் | சனி, காலை 11.50

நடத்துநர் குறிப்பு: ஒருவர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தார், நீக்கிவிட்டேன். பெயரை மறைத்திருந்தாலும் வேண்டாம். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவது 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்துக்கு எதிரானது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும் அதே சட்டத்தில் தடை செய்யப்பட்டதுதான், முதல் பதிவில் வந்த மருத்துவமனை கவனிக்க. உதவி எண் 1097.

ஓய்வு_குழந்தை_மருத்துவர் | சனி, மாலை 4.30

இந்த இழையைப் பேத்தி காட்டினாள். 90களில் சென்னையில் குழந்தைகள் வார்டில் இருந்தவன் நான். 1986இல் இதே சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா முயற்சியில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அதற்குப் பத்து வருடம் கழித்தும் எங்கள் வார்டில் குழந்தைகளுக்கு பி.சி.ஆர். வசதி கிடையாது. ஆன்டிபாடி ரியாக்டிவ் என்று வரும், அதற்கு மேல் சொல்ல எங்களுக்கு ஒன்றும் இருக்காது. "ஒன்றரை வயசு முடியட்டும்மா, அப்புறம் பார்ப்போம்" என்று அனுப்புவோம்.

அந்தக் காத்திருப்பின் கொடுமை வெளியே தெரியாது. தொற்று உள்ள குழந்தைகளில், சிகிச்சை இல்லாவிட்டால், பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அதிலும் இரண்டு, மூன்று மாதத்தில் போய்விடுகிறவர்கள் அதிகம். ஆகவே "18 மாதம்" என்று நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டில் பல குழந்தைகள் அந்த தேதிக்கு வரவே இல்லை. வராதவர்களில் யாருக்குத் தொற்று இருந்தது, யாருக்கு அம்மாவின் எதிர்ப்பொருள் மட்டும் இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

வந்தவர்களில் ஒரு குழந்தையை மறக்க முடியாது. பெற்றோர் இரண்டு பேரும் இல்லை, பாட்டி தூக்கி வந்தார். நெகட்டிவ். "நல்லா இருக்கான்" என்று சொன்னேன். அந்த அம்மாள், "அப்போ இத்தனை நாள் இவனைத் தனித் தட்டுல சோறு போட்டு வளத்தேனேய்யா" என்று அழுதார்.

தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வுதான் எங்கள் எல்லோருடைய போக்கையும் மாற்றியது. தொற்று உறுதியான பச்சைக் குழந்தைகளுக்கு, நோய் முற்றட்டும் என்று காத்திராமல் உடனே மருந்து தொடங்கியதில் இறப்பு 76 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு ஆறு வாரத்திலேயே கண்டுபிடித்தாக வேண்டும் என்ற அவசரம் வந்தது. இந்தியாவில் டி.பி.எஸ். வழியான சோதனைத் திட்டம் 2010இல் தொடங்கியது. தம்பி சட்டையில் விழுந்த அந்தப் பொட்டு ரத்தம் எனக்கு அன்றைக்குக் கிடைத்திருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ரெண்டாம்_வருஷம் | சனி, மாலை 6.10

டாக்டர், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை.

இன்னொரு சந்தேகம். கர்ப்பிணிக்கு டி.டி. ஊசி போடுகிறோம். அவர் உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகிக் குழந்தைக்குப் போய், பிறந்த குழந்தையை டெட்டனஸில் இருந்து காப்பாற்றுகிறது. அப்படியிருக்க, எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் மட்டும் ஏன் குழந்தையைக் காப்பாற்றுவதில்லை? மூட்டையில் அதுவும்தானே போகிறது?

விலங்கியல்_டீச்சர் | சனி, இரவு 8.00

டெட்டனஸில் எதிரி ஒரே ஒரு நச்சு. அது உருவம் மாறுவதில்லை. உங்கள் பாட்டி காலத்து நச்சும் இன்றைய நச்சும் ஒன்றுதான்.

எச்.ஐ.வி. அப்படியில்லை. தன்னைப் பிரதி எடுக்கும்போது தாராளமாகப் பிழை விடும், அந்தப் பிழைதான் அதற்குப் பலம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்கள் மிகச் சில. அவற்றின் மேல் நம் செல்களிலேயே செய்த சர்க்கரைப் போர்வை வேறு, எதிர்ப்பொருளுக்குப் பிடி கிடைக்காது. அம்மாவின் உடம்பு ஒரு வடிவத்துக்கு எதிர்ப்பொருள் செய்து முடிப்பதற்குள் வைரஸ் அடுத்த வடிவத்துக்குப் போயிருக்கும். எதிர்ப்பொருள் எப்போதும் போன மாதத்து வைரஸைத் தேடிக்கொண்டிருக்கும். குழந்தைக்குத் தொற்றிய வைரஸைப் பிரித்துப் பார்த்த சில ஆய்வுகளில், அது அம்மாவின் எதிர்ப்பொருளுக்கு ஏற்கெனவே டிமிக்கி கொடுத்த ரகமாக இருந்திருக்கிறது. பிடிபடாமல் தப்பியதுதான் கடந்து போயிருக்கிறது.

போதாக்குறைக்கு, செல்லின் மரபணுவுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட வைரஸை எந்த எதிர்ப்பொருளும் தொட முடியாது.

வல்லைவெளி | ஞாயிறு, காலை 7.15

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எதிர்ப்பொருள் என்று எழுதுவதை நாங்கள் பிறபொருளெதிரி என்றுதான் படித்தோம். நஞ்சுக்கொடி எங்கட புத்தகத்தில் சூல்வித்தகம். முதல் பதிவை இரண்டு தரம் வாசித்துத்தான் விளங்கிக்கொண்டேன், குறை நினைக்காதேங்கோ.

இங்கே 2019 டிசம்பரில் தாயிடம் இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இல்லாமலாக்கிய நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை உறுதிப்படுத்தியது. 2015இல் கியூபாதான் முதல், பிறகு 2016இல் தாய்லாந்து, 2018இல் மலேசியா. இல்லாமலாக்கியது என்றால் ஒரு பிள்ளைக்கும் தொற்றாது என்று பொருள் இல்லை. ஒரு லட்சம் பிறப்புக்கு 50க்கு மேல் போகக்கூடாது என்பது போல அளவுகோல்கள் இருக்கு. எங்களுக்குத் தொற்றும் குறைவு, பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில், கிளினிக்குக்கு வராத கர்ப்பவதியை நாங்களே சைக்கிளில் வீடு தேடிப் போவோம். எங்கட சின்னத் தீவையும் உங்கட பெரிய நாட்டையும் ஒப்பிட ஏலாது.

சிபிலிசிலும் இதே சிக்கல் உண்டு. தாயின் பிறபொருளெதிரி பிள்ளையின் இரத்தத்தில் தெரியும். அதனால் தாயின் அளவையும் பிள்ளையின் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிறகு மாதாமாதம் குறையுதோ என்று பார்ப்போம். சோதனைக்குழாய் தம்பி, எச்.ஐ.வி.யிலும் அப்படிக் குறைவதைப் பார்த்தே சொல்ல முடியாதோ?

சோதனைக்குழாய் | ஞாயிறு, காலை 8.40

அக்கா, எங்கள் ரேபிட் கிட்டில் ஒரு கோடு விழும் அல்லது விழாது, அளவு தெரியாது. ஆறு மாதத்துக்கு மேல் கோடு விழாமல் போனால் அது நல்ல சேதிதான். விழுந்தால் டி.பி.எஸ். தான் பேச வேண்டும். 18 மாதத்தில் கோடு விழுந்தால் அதற்கு மேல் அம்மாவைக் காரணம் சொல்ல முடியாது.

கிளினிக்குக்கு வராதவரை சைக்கிளில் தேடிப் போனது பற்றித் தனி இழையே போடலாம் நீங்கள்.

பெயர்_வேண்டாம் | ஞாயிறு, இரவு 11.25

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இப்போதுதான் முடிவு செய்தேன். நானும் அப்படி ஓர் அம்மா. என் மகனுக்கு இப்போது 9 வயது. நெகட்டிவ்.

நெவிரபின் சிரப் பாட்டிலின் லேபிளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, சளி மருந்து என்று மாமியாரிடம் சொன்னேன். தினமும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். "தெனம் தெனம் என்னடி சளி" என்று கேட்பார். ஆறு வாரம் முடிந்த அன்று பாட்டிலை எங்கே போடுவது என்று தெரியாமல் கைப்பையிலேயே பல நாள் வைத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய பாடு சேனை. பிறந்த அன்றே மாமியார் சீனித்தண்ணி தொட்டு வைக்கணும் என்று நின்றார். ஆறு மாதம் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று கவுன்சலர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "டாக்டர் திட்டுவாங்க" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. நான் குளிக்கப் போன நேரத்தில் அவர் வைத்துவிட்டார். பிள்ளை உதட்டில் இனிப்பு ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து 18 மாதம் அந்த ஒரு துளியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்காவது யாராவது சொல்லுங்கள், அது அவ்வளவு ஆபத்தா?

ஓய்வு_குழந்தை_மருத்துவர் | திங்கள், காலை 6.05

அம்மா, முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். நீங்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்ட நிலையில் அந்தத் துளியால் வரக்கூடிய ஆபத்து மிக மிகச் சிறியது. நீங்கள் ஒன்றரை வருடம் சுமந்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கவுன்சலர் ஏன் அவ்வளவு கறாராகச் சொன்னார்? அதற்கு ஒரு கதை உண்டு. தென்னாப்பிரிக்காவில் டர்பனில் 1999இல் ஒன்றைக் கவனித்தார்கள். மருந்து இல்லாத காலம் அது. தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு தண்ணீர், மாவு, வேறு பால் எல்லாம் சேர்த்துக் குடித்த குழந்தைகளுக்குத் தொற்று அதிகம். வேற்று உணவு பிஞ்சுக் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கி வழி திறந்துவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். அதிலிருந்து வந்த விதிதான் அது. பின்னால் மருந்து வந்து அபாயம் வெகுவாகக் குறைந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனமே, அம்மா மருந்தில் இருந்தால் இடையில் வேறு ஏதாவது கொடுத்துவிட்டதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்கிறது. ஆனாலும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது எல்லாக் குழந்தைக்குமே நல்லது. சேனை, கிரைப் வாட்டர், உரை மருந்து எல்லாம் எச்.ஐ.வி. இல்லாத வீட்டிலும் வேண்டாதவைதான்.

கருவேலங்காடு | திங்கள், காலை 8.30

அப்படியானால் தாய்ப்பாலையே கொடுக்காமல் புட்டிப்பால் கொடுத்துவிட்டால் என்ன? பாலில் வைரஸ் வருகிறது என்று தெரிந்தும் ஏன் கொடுக்கச் சொல்கிறீர்கள்? வெளிநாட்டில் கொடுக்கவே விடமாட்டார்களாமே.

ஓய்வு_குழந்தை_மருத்துவர் | திங்கள், காலை 11.15

நியாயமான கேள்வி. நாங்களும் பல வருடம் இதில் தடுமாறியிருக்கிறோம்.

கென்யாவின் நைரோபியில் ஓர் ஆய்வு, 2000இல் வெளியானது. மருந்து இல்லாத காலத்து அம்மாக்கள். இரண்டு வயதில் பார்த்தால் தாய்ப்பால் பிரிவில் 36.7 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்று, புட்டிப்பால் பிரிவில் 20.5. உங்கள் கட்சி ஜெயித்த மாதிரி தெரிகிறது இல்லையா? ஆனால் இரண்டு பிரிவிலும் இறந்துபோன குழந்தைகளின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எச்.ஐ.வி.யில் காப்பாற்றிய குழந்தையை வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் பறிகொடுத்தால் யாருக்கு லாபம்? 2006இல் போட்ஸ்வானாவில் பெருமழைக்குப் பிறகு வயிற்றுப்போக்கு பரவியபோது அடிபட்டவர்களில் பெரும்பாலோர் புட்டிப்பால் குழந்தைகள்தான்.

இப்போது நிலைமை வேறு. அம்மா மருந்து சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுத்தால் தொற்று எவ்வளவு என்று ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் பெரிய ஆய்வு நடந்தது. ஆறு மாதத்தில் 0.3 சதவீதம், 12 மாதத்தில் 0.6. பூஜ்யம் இல்லை, ஆனால் பூஜ்யத்தின் வாசலில். வெளிநாட்டில் விடமாட்டார்கள் என்பதும் பழைய கதை. அமெரிக்காவிலேயே 2023இல் விதியைத் தளர்த்தி, வைரஸ் அடங்கிய அம்மா விரும்பினால் கூட இருந்து உதவ வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

கர்ப்பத்தைப் பொறுத்தவரை அந்தப் பூஜ்யத்தையே தொட்டிருக்கிறார்கள். பிரான்சில் கருத்தரிப்பதற்கு முன்பே மருந்து தொடங்கி, பிரசவம் வரை வைரஸ் அடங்கியிருந்த அம்மாக்களுக்குப் பிறந்த 2,651 குழந்தைகளில் ஒருவருக்கும் தொற்று இல்லை. 1994இல் ஒற்றை மருந்தால் குழந்தைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்தில் இருந்து 8.3 ஆகக் குறைந்தது என்று படித்தபோது நாங்கள் வார்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். 99இல் உகாண்டாவில் பிரசவ வலியில் அம்மாவுக்கு ஒரு மாத்திரை, குழந்தைக்கு ஒரு வேளை சிரப் என்ற மலிவான வழி கண்டார்கள், அதுதான் பிறகு நம் நாட்டுத் திட்டத்திலும் வந்தது. 2014இல் இருந்து எச்.ஐ.வி. உள்ள எல்லாக் கர்ப்பிணிக்கும் வாழ்நாள் கூட்டு மருந்து.

ரெண்டாம்_வருஷம் | திங்கள், மாலை 5.45

டாக்டர், டீச்சர் இரண்டு பேரிடமும் ஒன்று. சிகிச்சையே இல்லாவிட்டாலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் தப்பிக்கிறார்கள் என்றீர்கள். அவர்களை எது காப்பாற்றியது? அதிலாவது அம்மாவின் எதிர்ப்பொருளுக்குப் பங்கு இருக்காதா? நான் விடுவதாக இல்லை.

விலங்கியல்_டீச்சர் | திங்கள், இரவு 7.20

விடாதே. ஆராய்ச்சிக்காரர்களும் விடவில்லை.

முதல் காரணம் அம்மா ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. எதிர்ப்பொருளைப் பொறுத்தவரை சேதி கலவையாக இருக்கிறது. 2015இல் அமெரிக்கத் தாய்மார்களின் பழைய ரத்த மாதிரிகளைப் பார்த்ததில், வைரஸ் முள்ளின் வி3 என்ற பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் அதிகம் இருந்தவர்கள் குழந்தைக்குத் தொற்றவிடுவது குறைவாக இருந்தது. வேறு குழுக்களில் பார்த்தால் அந்தத் தொடர்பு சரியாகப் பிடிபடவில்லை. நைரோபித் தாய்மார்களின் பாலில், தொற்றிய செல்லைக் காட்டிக்கொடுத்து அழிக்கவைக்கிற வகை எதிர்ப்பொருளுக்குப் பங்கு இருக்கலாம் என்று ஒரு குறிப்பு கிடைத்தது.

"அப்போ எதிர்ப்பொருளை வெளியே இருந்து ஏற்றினால்?" என்று கேட்பாய். எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தத்தில் இருந்து திரட்டிய எதிர்ப்பொருளை அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஏற்றிப் பார்த்த ஆய்வு உகாண்டாவில் நடந்தது. பலன் இல்லை. பழைய வைரஸைத் தேடும் அதே எதிர்ப்பொருள்தானே. இப்போது நம்பிக்கை, பல ரகங்களை ஒரே பிடியில் பிடிக்கும் அபூர்வ எதிர்ப்பொருள்கள் மேல். அதில் ஒன்றைக் கண்டெடுத்தது எங்கே தெரியுமா? தொற்று ஏற்பட்ட நைரோபிக் கைக்குழந்தை ஒன்றின் ரத்தத்தில், 2016இல். பெரியவர்கள் உடம்பு பல வருடம் போராடியும் பெரும்பாலும் செய்யாததை ஒரு கைக்குழந்தை செய்திருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

ஓய்வு_குழந்தை_மருத்துவர் | திங்கள், இரவு 9.00

ஒரு சின்னச் சேர்க்கை, தம்பி கவனிக்க. எச்.ஐ.வி. உள்ள அம்மாவிடம் இருந்து போகிற மூட்டை சில சமயம் இளைத்தே போகிறது. கேப்டவுன் பக்கம் கயலிட்ஷாவில் பார்த்தார்கள், 2011இல் வெளியானது. தொற்று இல்லாத குழந்தைகளிடமும் கக்குவான், டெட்டனஸ், நிமோகாக்கஸ் போன்றவற்றுக்கான அம்மாவின் எதிர்ப்பொருள் பிறக்கும்போதே குறைவாக இருந்தது. ஆறுதல், தடுப்பூசி போட்டதும் நன்றாகவே ஏறியது. எனவே "குழந்தை நெகட்டிவ், இனி கவலை இல்லை" என்று 45 நாள் ஊசியை யாரும் தள்ளிப்போடக் கூடாது.

கருவேலங்காடு | செவ்வாய், காலை 7.50

தங்கையிடம் பேசினேன். 20 மாதத்தில் எடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒன்றும் எடுக்கவில்லையாம். தாய்ப்பாலை 14 மாதத்தில் நிறுத்தியிருக்கிறாள். இனி ஏதாவது எடுக்க வேண்டுமா? பொடியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதை அவள் இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பதே நேற்றுதான் எனக்குத் தெரியும்.

சோதனைக்குழாய் | செவ்வாய், காலை 8.15

தாய்ப்பால் நிறுத்தி ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்கு மேல் எடுத்த நெகட்டிவ் என்பதால் கவலை வேண்டாம் ஐயா. மனசு கேட்கவில்லையென்றால் பக்கத்து நம்பிக்கை மையத்தில் ஒருமுறை எடுத்துக்கொள்ளட்டும், இலவசம்தான். தங்கை மாத்திரையை மட்டும் விட வேண்டாம்.

சோதனைக்குழாய் | 24 நாள் கழித்து, இரவு 8.10

முதல் பதிவில் சொன்ன குழந்தையின் டி.பி.எஸ். வந்துவிட்டது. வைரஸ் இல்லை.

போனில் சொல்லக்கூடாது என்பதால் வரச் சொன்னேன். கணவரும் வந்திருந்தார். டீச்சரின் புடவை உவமையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எம் மேல வர்றது மீன் வாசம் சார், நான் மீன் வண்டி" என்றார். அம்மா பால் இன்னும் கொடுக்கிறார், ஆகவே 12 மாதத்தில் ஒன்று, பால் நிறுத்தி ஆறு வாரத்தில் ஒன்று, 18 மாதத்தில் கடைசி. மூன்று தேதியையும் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். குடலிறக்க ஆபரேஷனுக்கு அரசு மருத்துவமனையில் தேதி கிடைத்திருக்கிறது.

அந்தப் பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துவிடலாமா என்று அந்த அம்மா கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். நாலாக மடித்ததை எட்டாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். பெயர் இருக்கிறதே என்று அவர்கள் போன பிறகு எடுத்து நான்தான் கிழித்தேன்.